ஜெயசீலியின் நீலப் பை

மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் ஜெயசீலி வெறுங்கையோடு வந்தால் நாலு வீட்டில் காப்பி போடுவார்கள். அதே ஜெயசீலி தோளில் நீலப் பையை மாட்டிக்கொண்டு வந்தால் அதே நாலு வீட்டிலும் கதவைச் சாத்துவார்கள். பதினோரு வருஷம் இதை என் கண்ணால் பார்த்தவன் நான்.

எங்கள் பங்குக்கோயிலின் வெள்ளிவிழா மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். மற்றவர்கள் கோயில் கட்டிய சாமியாரைப் பற்றி எழுதுவார்கள், மணி வாங்கிக் கொடுத்தவரைப் பற்றி எழுதுவார்கள். எழுதட்டும். ஆரோக்கியசாமியாகிய நான் என்னைப் பற்றியே எழுதலாம், விஷயம் நிறைய இருக்கிறது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதின்மூன்று வயதில் பக்கத்தில் இருக்கும் பாடியில் ஒரு பட்டறையில் இரும்புத் தூள் கூட்டினவன். இன்றைக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிச் சொந்தமாக மூன்று லேத் மெஷின் ஓட்டுகிறேன். கோயில் முன்வாசல் இரும்பு கேட் என் கைவேலை. மெழுகுவத்தி ஸ்டாண்டும் என் கைவேலைதான். இருபது வருஷத்தில் ஒரு வெல்டிங் விட்டிருந்தால் யாராவது வந்து காட்டட்டும். ஆனாலும் இந்த மலரில் எழுத வேண்டியது ஜெயசீலியைப் பற்றித்தான் என்று எனக்குப் பட்டது. அவளைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுதித்தான் ஆக வேண்டும். அது என் குற்றம் இல்லை.

முதலில் பையைச் சொல்லிவிடுகிறேன். ஜெயசீலி எஸ்டேட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தவள். இருபது வருஷ சர்வீஸுக்குக் கம்பெனி கொடுத்த நீல ரெக்சின் பை அது. அதற்குள் ஓரத்தில் சிலுவை தைத்த வெள்ளைத் துணி ஒன்று, இரண்டு மெழுகுவத்தி, ஒரு மரச் சிலுவை, மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் பாட்டிலில் தீர்த்தம், ஒரு டப்பாவில் உருட்டி வைத்த பஞ்சு, ஒரு எலுமிச்சம்பழம். பேக்கிங்கில் இருந்த கை இல்லையா, பையைக் குலுக்கினாலும் உள்ளே ஒரு சாமான் சத்தம் போடாது.

நோயில் பூசுதல் என்று எங்களிடம் ஒரு திருவருட்சாதனம் உண்டு. உடம்பு மிகவும் முடியாமல் இருப்பவர்கள், வயதானவர்கள், பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், இவர்களுக்குச் சாமியார் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசி ஜெபம் செய்வார். அந்த எண்ணெய் ஈஸ்டருக்கு முன்னால் ஆயர், அதாவது பிஷப், மந்திரித்துக் கொடுப்பது. ஒரு முறைதான் என்று இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் பெறலாம். இப்படித்தான் ஞானோபதேசப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் அப்பன் பாட்டன் காலத்தில் அதற்குப் பெயர் அவஸ்தைப் பூசுதல். மூச்சு இழுக்கும்போதுதான் சாமியாருக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் பூசிவிட்டுப் படி இறங்குவதற்குள் உயிர் போயிருக்கும். பார்த்துக்கொண்டிருந்த ஜனம் என்ன நினைக்கும்? எண்ணெய் வைத்ததால்தான் ஆள் போனான் என்று முடிவு கட்டிவிட்டது. கோயில் மேடையில் நின்று எந்தச் சாமியார் எவ்வளவு விளக்கிச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்ளும்.

அப்படிச் சாத்தினவர்களில் நானும் ஒருவன். சொல்லிவிடுகிறேன்.

ஜெயசீலியின் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டினார். நல்ல மனுஷன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஈரல் கெட்டுப் படுத்தார். ஜெயசீலி பருத்திப்பட்டிலிருந்து இங்கே வாழ வந்தவள், இந்தப் பக்கம் அவளுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. ஆகவே என்னை அண்ணாத்தே என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு நானே அந்த வீட்டுக்கு மூத்த ஆளாகிவிட்டேன். ஒரு நாள் மதியம் அப்போதைய சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு கேட்டில் வந்து நிற்கிறார். ஜெயசீலி உள்ளே கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு, “வேணாம் ஃபாதர், உங்களைப் பாத்தா பயந்துடுவான். இன்னும் ரெண்டு நாள் போவட்டும்” என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. சாயந்தரம் அந்த மனுஷன் கண்ணைத் திறந்து, “சாமியார் வர்றேன்னாரே, வந்தாரா?” என்று கேட்டார். மறுநாள் காலை ஆள் இல்லை.

ஜெயசீலி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம், கம்பெனிப் பையைத் துடைத்து அதில் வெள்ளைத் துணியை மடித்து வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் வேலை இதுதான். பங்கில் யார் படுத்தாலும் சாமியாருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். முதல் மூன்று தடவை பை இல்லாமல் போவாள். ரசத்தைப் பற்றிப் பேசுவாள், மருமகளைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்பாள், காலைப் பிடித்துவிடுவாள். நாலாவது தடவைதான் பை. சாமியார் வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டூலில் கிடக்கிற மாத்திரை, டி.வி. ரிமோட், விக்ஸ் டப்பா எல்லாவற்றையும் ஓரம் கட்டி, வெள்ளைத் துணி விரித்து, சிலுவையை நடுவில் வைத்து, எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி வைப்பாள். பூசின பிறகு சாமியார் விரலில் இருக்கும் எண்ணெயைப் போக்க எலுமிச்சை. எல்லாம் தயாரான பிறகு அந்த அறையைப் பார்த்தால் ஆஸ்பத்திரி நாற்றம் போய், சின்னக் கோயில் மாதிரி இருக்கும்.

ஜஸ்டின் வீட்டுக்குப் போன கதையை எங்கள் தெருவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஜஸ்டின் ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர். வாயைத் திறந்தால் டபுள் விசில். வலது பக்கம் வாதம் அடித்துப் படுத்துவிட்டார். நாலாவது நாள் பையோடு ஜெயசீலி வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு,

“இன்னாம்மா, எனக்கே டிக்கெட் கிழிக்க வந்துட்டியா?” என்றார்.

“ஆமா அண்ணாத்தே. ஆனா இது நீங்க நெனைக்கிற ரூட் இல்ல.”

“எல்லாம் ஒரே ரூட்டுதான். கடைசி ஸ்டாப் எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் சர்வீஸு.”

“இது ஃப்ரீ பஸ். டிக்கெட்டே கெடையாது. ஏறலாம், எறங்கலாம், மறுபடியும் ஏறலாம். உங்க பஸ்ல அப்படி வுட்டிருப்பீங்களா?”

ஜஸ்டினுக்கு வாதம் வந்த வாயே கோணிக்கொண்டு சிரித்தது. “அடிப்பாவி, செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட என்னை இப்படி மடக்கினது இல்ல” என்று கையை நீட்டினார். இது நடந்து ஆறு வருஷம். மனுஷன் இன்னும் இருக்கிறார். கைத்தடி ஊன்றிக்கொண்டு டீக்கடை வரைக்கும் போகிறார், அங்கே எல்லோரையும் திட்டுகிறார்.

அதற்குப் பிறகு என் முறை. நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன் என்றார்கள். எனக்குத் தைரியத்துக்குக் குறைவு இல்லை. அறுபது கிலோ இரும்பு ஜாபை ஒற்றை ஆளாகத் தூக்கி மெஷினில் மாட்டினவன். ஆனால் ஜெயசீலி பையோடு வருகிறாள் என்று என் மனைவி சொன்னதும் நானே எழுந்து போய் கேட்டுக்குத் தாழ் போட்டேன். நானே அடித்த கேட், நானே வைத்த தாழ்.

அவள் வெளியே நின்றாள். நான் உள்ளே நின்றேன். கம்பிக்கு நடுவில் முகத்தைப் பார்த்துக்கொண்டோம்.

“அண்ணாத்தே,” என்றாள், சத்தமே போடாமல். “அன்னிக்கு என் ஊட்டு கேட்டை சாத்தினீங்க. நான் ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு உங்க ஊட்டு கேட்டைத் தொறங்க.”

ஏழு வருஷம் வாய் திறக்காதவள் அன்றைக்குத்தான் அதைச் சொன்னாள். அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. நான் தாழை எடுத்தேன். பூசிக்கொண்டேன். ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பக்கத்துக் கட்டில்காரன் விடாமல் அழுதான், நான் அழவில்லை. என் தைரியம் பாதி, அந்த எண்ணெய் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி கணக்கு வேறு, அதை இங்கே எழுதவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ஜனவரி மாசம் ஜெயசீலிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. கெட்ட கட்டியாக இருக்கலாம், எடுத்துவிடுவோம் என்று இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சொல்லி, பிப்ரவரி பதினைந்து வியாழக்கிழமை ஆபரேஷன் குறித்தார்கள். அவள் யாருக்கும் சொல்லவில்லை. அவள் மகள் பெனிஷா, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், என் மனைவியிடம் வந்து சொன்னாள்.

பிப்ரவரி பதினொன்று லூர்து மாதா திருநாள். உலக நோயாளர் தினம் என்று அன்றைக்கு எங்கள் கோயிலில் பூசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக நோயில் பூசுதல் கொடுப்பார்கள். இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. முன்வரிசையில் பிளாஸ்டிக் சேர் போட்டு, நோயாளிகளை அங்கே உட்காரவைப்பது வழக்கம். சேர் போடுவது ஜெயசீலி. வருஷா வருஷம் இருபது சேர் போடுவாள், நாலு பேர் உட்காருவார்கள். மற்றவர்கள் எல்லோரும் அந்தச் சேரைப் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு பின்னால் நிற்பார்கள்.

எங்கள் பங்குத்தந்தை ஃபாதர் ஜெர்வின் இளவயசுக்காரர், நல்ல மாதிரி. விஷயம் தெரிந்து, “அக்கா, இந்தத் தடவ நீங்களும் ஒரு சேர்ல உக்காருங்க” என்று ஜெயசீலியிடம் சொல்லியிருக்கிறார். மாட்டேன் என்றுவிட்டாள். ஊர் முழுக்க எண்ணெய்க்குக் கூட்டிக்கொண்டு போனவள், தனக்கு என்றதும் மாட்டேன் என்கிறாள்!

நான் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டில் உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு நாகவல்லி எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாகவல்லி இந்து, அம்மன் கோயில்காரி. ஜெயசீலியோடு ஒரே பேக்கிங் லைனில் எதிரெதிரே இருபது வருஷம் நின்றவள்.

“வாங்க அண்ணாத்தே. காப்பி குடிக்க வந்தீங்களா, லெக்சர் குடுக்க வந்தீங்களா? ரெண்டுத்துக்கும் டைம் இல்ல” என்றாள் ஜெயசீலி.

“லெக்சர்தான். நீ ஏன் உக்கார மாட்டேன்ற?”

நாகவல்லி முந்திக்கொண்டாள். “நல்லா கேளுங்க அண்ணாத்தே. எங்க அம்மன் கோயில்ல பூசாரி கூழு ஊத்தினா அவனும் ஒரு சொம்பு குடிச்சிட்டுதான் ஊத்துவான். இந்தம்மா ஊருக்கெல்லாம் ஊத்தும், தான் மட்டும் வாயில வைக்காது.”

“நீ கீரையைப் பாருடி, பூச்சி கீது.”

“பூச்சி கீரையில இல்ல, உன் தலையில கீது.”

ஜெயசீலி பஞ்சை டப்பாவில் போட்டாள். “பயம் இல்ல அண்ணாத்தே. சாவுக்கு இன்னா பயம்? நான் யோசிக்கிறது வேற. ஞாயித்துக்கெழம அந்த சேர்ல நான் உக்கார்றேன், ஃபாதர் எண்ணெய் வைக்கிறாரு. வியாழக்கெழம டேபிள்ல எனக்கு ஏதோ ஒண்ணு ஆயிடுதுன்னு வச்சுக்குங்க. நம்ம ஜனம் இன்னா பேசும்? ‘பாத்தியா, ஜெயசீலிக்கே எண்ணெய் வச்சாங்க, நாலே நாளு, பூட்டா’ன்னு பேசும். அதுக்கப்புறம் எவன் கதவைத் தொறப்பான்? பதினோரு வருஷம் ஊடு ஊடா நடந்ததெல்லாம் வீணா பூடும்.”

“சரி, எண்ணெய் வைக்காமப் போய் ஏதாவது ஆச்சின்னா?”

அவள் கை நின்றது. பிறகு அடுத்த பஞ்சை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள்.

“அப்ப நான் மட்டும்தான் போவேன். அந்த எண்ணெய்க்கு ஒண்ணும் ஆவாது.”

நாகவல்லி கீரையை ஓரம் தள்ளினாள். நான் எழுந்து வெளியே வந்தேன். பெனிஷா பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தாள்.

“மாமா, அம்மா சும்மா சொல்லுது. நேத்து நான் குளிச்சிட்டு வர்றேன், அந்த வெள்ளைத் துணிய எடுத்து எங்க ஊட்டு டேபிள்லயே விரிச்சி வச்சிகினு உக்காந்து கீது. சிலுவைகூட வச்சிடுச்சி. ரொம்ப நேரம் பாத்துகினே இருந்துச்சி. என்னைப் பாத்ததும் மடிச்சி உள்ள வச்சிடுச்சி. அதுக்கு ஆசை மாமா. யாராச்சும் கூட்டினு போனா போவும்.”

நான் பட்டறைக்குப் போனேன். எனக்கு யோசனை மெஷின் பக்கத்தில்தான் வரும். ஒரு ஜாப் ஒரே இடத்தில் அதிர்கிறது என்றால் அந்த இடத்தை அழுத்தக் கூடாது. பக்கத்தில் தாங்கல் கொடுக்க வேண்டும். இது நான் படித்து அறிந்ததில்லை, கையால் அறிந்தது. ஜெயசீலி தனியாக அந்தச் சேரில் உட்கார்ந்தால்தானே ஊர் அவளைப் பார்க்கும்? நாலு சேருக்கு ஒரு ஜெயசீலி என்றால் கண்ணில் படுவாள். இருபது சேரும் நிறைந்தால்?

அவள் பதினோரு வருஷத்தில் யார் யார் வீட்டுக்கு நீலப் பையோடு போனாளோ அவர்களில் எத்தனை பேர் இன்னும் நடமாடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். மனசிலேயே இருபதைத் தாண்டியது. அன்று சாயந்தரமே ஜெயசீலிக்குத் தெரியாமல் பெனிஷாவிடம் பையைக் கேட்டு வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பையோடு போனால்தான் மரியாதையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அது தப்பு என்று அடுத்த தெருவில் முதல் வீட்டிலேயே தெரிந்தது.

“ஐயையோ, ஆரோக்கியசாமி அண்ணன் பையோட வர்றாரு! ஜெயசீலி அக்காவுக்கு இன்னா ஆச்சி?” என்று ஒரு பெண் கத்த, தெருவே வெளியில் வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குத் திரும்ப நெஞ்சு அடைத்துக்கொள்ளும் போலிருந்தது. இரண்டாவது வீட்டில் நாய் கடிக்க வந்தது. மூன்றாவது வீட்டில், கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே, “இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல, எல்லாரும் நல்லா கீறோம்” என்று பதில் வந்தது. அந்த வீட்டுக் கிழவர் உள்ளே இருமுவது எனக்குக் கேட்கிறது. பதினோரு வருஷம் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு இவள் எப்படி நடந்தாள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

பையைப் பட்டறையில் வைத்துவிட்டு ஜஸ்டின் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, “அண்ணாத்தே, உனக்கு இரும்பு தெரியும், ஜனம் தெரியாது. ஜனத்தை ஏத்தறது என் வேலை. நீ கம்முனு வா” என்று கைத்தடியை எடுத்தார். வாதம் வந்த காலை இழுத்துக்கொண்டு மூன்று நாள் என்னோடு வீடு வீடாக வந்தார். யாரையும் கெஞ்சவில்லை. வாசலில் நின்றுகொண்டு, “ஆறு வருஷத்துக்கு முன்னாடி எண்ணெய் வச்சாங்க. நான் செத்துட்டேனா? தொட்டுப் பாரு” என்று கையை நீட்டுவார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஃபாதர் ஜெர்வினிடம் போய்ச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் விரலைத் தூக்கிவிட்டார்.

“அண்ணே, ஆள் திரட்டறதுக்கு இது கட்சி மீட்டிங் இல்ல. நெசமா உடம்பு முடியாதவங்க, வயசானவங்க, அவங்களுக்குத்தான் பூச முடியும்.”

“ஃபாதர், எங்க வயசுல நோய் இல்லாதவன் ஒருத்தனை நீங்க காட்டுங்க. நானே அவனை எழுப்பி அனுப்பிடறேன்.”

சிரித்துவிட்டு, சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிப் பூசை. ஜெயசீலி ஏழரைக்கே வந்து வழக்கம்போல இருபது சேர் போட்டுவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன், வெள்ளை வேட்டி சட்டையில். ஜஸ்டின் பக்கத்தில். அடுத்து டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒரு அம்மா. சர்க்கரையில் கால் விரல் போனவர். கண் மங்கின டெய்லர். ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பதில் சொன்ன வீட்டிலிருந்து அந்த இருமல் கிழவரையும் மகன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இருபது சேரும் நிறைந்துவிட்டது. ஜெயசீலி ஒன்றும் புரியாமல் பாடகர் குழுப் பக்கம் ஓடிப்போய் நாலு சேர் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் மூன்று நிறைந்தது. ஒன்று காலி.

பிரசங்கம் முடிந்தது. ஃபாதர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து மௌனமாக ஜெபித்துக்கொண்டு வந்தார். பிறகு எண்ணெய்ச் சிமிழை எடுத்தார். பஞ்சுத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஜெயசீலி அவர் பக்கத்தில் வந்தாள். முதலில் என்னிடம் வந்தார்கள். நெற்றியில் பூசினார், இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி உள்ளங்கையில் பூசினார். அறுபது வருஷமாக இந்த உள்ளங்கையில் படாத எண்ணெய் இல்லை. கட்டிங் ஆயில், கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய். எது பட்டாலும் கந்தலில் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இதை மட்டும் துடைக்க மனசு வரவில்லை.

அடுத்து ஜஸ்டின். பூசி முடித்து ஃபாதர் நகரப் போகும்போது ஜஸ்டின் இடது கையால் ஜெயசீலியின் தட்டைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகப் பேசுகிறதாக நினைத்து, பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“இன்னாம்மா, வண்டி ஃபுல்லா கீது, ஒரே ஒரு சீட்டு காலி. நீ ஏறலியா?”

“பூசை நடக்குது அண்ணாத்தே, பேசாம இருங்க.”

“இருபத்தி மூணு பேர் ஏறிகினு கீறோம். இதுல நீ ஒருத்தி நடுவுல எறங்கினா எவனாவது பஸ்ஸைக் குத்தம் சொல்வானா? சொன்னா நான் கேக்கிறேன். ஏறும்மா.”

ஜெயசீலி ஃபாதரைப் பார்த்தாள். அவர் எண்ணெய்ச் சிமிழைப் பிடித்தபடி நின்றார். வரிசை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் போய் நின்ற வீடுகள் எல்லாம் சேரில் உட்கார்ந்து பார்த்த மாதிரி இருந்தது. அவளுக்கு உதடு நடுங்கியது. அழுகை இல்லை, சிரிப்பு என்று நான் சொல்வேன். என் மனைவி அழுகை என்கிறாள்.

“தட்டை யாரு புடிப்பா?” என்றாள்.

“நான் புடிக்கிறேன். என் வேலை முடிஞ்சிடுச்சி” என்று நான் எழுந்து வாங்கிக்கொண்டேன். அவள் போய் அந்தக் கடைசிச் சேரில் உட்கார்ந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள். ஃபாதர் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு அவளிடம் வருகிறவரை இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்தபடியே இருந்தாள். பதினோரு வருஷம் மற்றவர்களுக்கு அப்படித்தான் விரித்து வைக்கச் சொல்லிக்கொடுத்தவள். எண்ணெய் நெற்றியில் பட்டதும் கண்ணை மூடினாள். நான் பக்கத்தில் தட்டோடு நின்றேன். அவள் கை விரல்கள் பிஸ்கட் பாக்கெட் மடித்து மடித்து ரேகை தேய்ந்தவை. அதில் எண்ணெய் பளபளத்தது.

பின்னால் கதவோரம் நாகவல்லி நின்றிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. “கடைசில கூழு குடிச்சிடுச்சி” என்று பெனிஷாவிடம் சொன்னாளாம்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். ஜஸ்டின் வாட்ச்மேனோடு சண்டை போட்டு உள்ளே வந்துவிட்டார். மதியம் மூன்று மணிக்கு டாக்டரம்மா வந்து, கட்டியை முழுசாக எடுத்தாயிற்று என்றார்கள். கெட்ட கட்டிதான். ஆனால் பரவவில்லை. மாத்திரை சாப்பிட வேண்டும், மூன்று மாசத்துக்கு ஒரு முறை போய்க் காட்ட வேண்டும். இதை எழுதுகிற இன்று வரை தவறாமல் போய்க் காட்டிக்கொண்டிருக்கிறாள், ஆள் ஒரு சுற்று பெருத்தும் இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் பையைத் திறந்து பார்த்துவிட்டு, பெனிஷாவை அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். ஏதோ நன்றி சொல்லப்போகிறாள் என்று நான் சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

வெள்ளைத் துணியை விரித்துக் காட்டினாள். சிலுவை தைத்த மூலைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒரு கிரீஸ் கறை. நான் பையைப் பட்டறையில் வைத்த அன்றைக்குத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பெனிஷாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

“இது யாரு கை, அண்ணாத்தே?”

“போவாதா?”

“மூணு தடவ சோப்பு போட்டு பெனிஷா தொவைச்சிட்டா. உங்க கையி பட்டது எது போயிருக்கு?”

புதுத் துணி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாள். ஈஸ்டர் முடிந்து மறுபடியும் தெருவில் இறங்கினாள். மூடுகிறவர்கள் இன்னும் மூடத்தான் செய்கிறார்கள், நான் பொய் எழுத மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் வாசலில் நின்று அவள் நிறையப் பேசுவதில்லை. “எண்ணெய் வச்சா பூடுவாங்களாமே” என்று யாராவது கேட்டால், “எனக்கு வச்சாங்க, தோ நிக்கிறேனே” என்கிறாள். அதற்கு மேல் யாருக்கும் கேள்வி வருவதில்லை.

உள்ளே போய்த் துணியை விரித்ததும் நோயாளி அந்தக் கறுப்புக் கறையைப் பார்த்து, இது என்ன என்று கேட்பாராம். “அது ஆரோக்கியசாமி அண்ணாத்தே கையி. நாலு வருஷம் முன்னாடி இதே எண்ணெய் வச்சிகினாரு. இன்னும் கத்திகினு கீறாரு, காது குடுத்துக் கேளுங்க, கேக்கும்” என்று சொல்லுவாளாம். பெனிஷா வந்து சொன்னாள்.

கேட், மெழுகுவத்தி ஸ்டாண்ட், மூன்று மெஷின். என் கைவேலை என்று ஊரில் காட்டுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. அவள் அந்த ஒரு கறையைத்தான் வீடு வீடாகக் காட்டிக்கொண்டு போகிறாள். இருக்கட்டும். அதுவும் என் கைதானே.